துருப்பிடிக்காத எஃகு ஏன் முறிகிறது? – ஒரு ஷாப்ட் நடத்திய வெப்பப் பதனப் பாடம்



ஆண்டு மலருக்குக் கவிதை ஏதாவது கொடு என்றுதான் பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டார். கவிதை எனக்கு வராது. "சரி, கட்டுரையாவது கொடு. ஆனா புத்தகத்தப் பாத்து காப்பி அடிச்சுக் கொடுத்துறாத" என்றார். அதனால், நம் பாடப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்து போகிற ஒரு விஷயத்தை எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு காரியத்தோடு சேர்த்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பரீட்சைக்கும் உதவும். மற்றத் துறை நண்பர்கள் நடுவில் வருகிற டிகிரிக் கணக்குகளைத் தாண்டிப் படித்தாலும் கதை புரியும்.

எனக்கு ஊர் கமுதி. கடலுக்கும் எங்களுக்கும் உள்ள சம்பந்தம் மீன் வண்டி வரும்போது மட்டும்தான். ஆனால் என் தாய்மாமன் மண்டபத்தில் விசைப்படகு ஓட்டுகிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினையும் ஷாப்டையும் கழற்றிப் பார்ப்பார்கள். மாமா படகின் புரொபெல்லர் ஷாப்ட், புஷ் உட்காருகிற இடத்தில் நன்றாகத் தேய்ந்திருந்தது. புது ஷாப்ட் வாங்கக் கையில் காசு இல்லை. தடைக்காலத்தில் யாரிடம்தான் காசு இருக்கும்? தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து கொடுக்கிறோம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். சரி என்று கொடுத்துவிட்டார்.

அங்கே என்ன நடந்தது என்பதை மாமா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எனக்குப் பின்னால் வரிசையாகச் சொன்னார். குளிர்ந்த ஷாப்டின் மேல் நேராக வெல்டிங் வைத்தார்கள். வெல்டிங் சூட்டில் ஷாப்ட் லேசாக வளைந்தது. வளைவை எடுக்க கேஸ் டார்ச்சால் செக்கச்செவேல் என்று சுட்டு, தட்டி நிமிர்த்தி, சூட்டோடு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். பிறகு லேத்தில் ஏற்றிக் கடைந்தார்கள். பார்க்கக் கண்ணாடி போல இருந்ததாம். அந்தப் பட்டறை எது என்று நான் எழுதப் போவதில்லை. அவர் வேண்டுமென்று செய்த தப்பும் இல்லை. சாதாரண மைல்டு ஸ்டீல் ஷாப்டுக்கு இதையே செய்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

தடை முடிந்து மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது, வலை இழுத்துக்கொண்டிருக்கையில் "டங்" என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை. ஷாப்டின் பின்துண்டு புரொபெல்லரோடு பின்னால் நழுவி, சுக்கானில் முட்டி நின்றது. சுக்கான் தடுக்காவிட்டால் புரொபெல்லரும் கடலோடு போயிருக்கும். நம் பாக் நீரிணையில் இது வெறும் ரிப்பேர் விவகாரம் இல்லை. 1974 ஒப்பந்தப்படி வரைந்த எல்லைக்கோடு கடலுக்கு நடுவே போகிறது. தண்ணீரில் கோடு தெரியாது. தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில், எஞ்சின் இழுக்காத படகு தானாக எந்தப் பக்கம் மிதந்து போகும் என்பது மேப் பார்த்தால் தெரியும். அந்தப் பக்கம் போய்விட்டால் ஆளும் படகும் என்று திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நங்கூரம் போட்டு, வயர்லெஸ்ஸில் சொல்லி, இன்னொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வரும்வரை ஐந்து பேரும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

லீவுக்குப் போனபோது மாமா அந்த முறிந்த துண்டை என் கையில் கொடுத்தார். "மாப்ள, நீ இதத்தானே படிக்கிற? துருப்பிடிக்காதுன்னு சொல்லி வித்தான். துருப்பிடிக்கல, ஒத்துக்கிறேன். ஆனா மண்ணுச் சட்டி மாதிரி ரெண்டாப் போயிருச்சே, அது ஏன்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 'துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கும்' என்று இரண்டு மார்க் பதிலைச் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல.

முறிந்த முகத்தைப் பார்த்தேன். வெல்டிங் வைத்த இடத்தில் முறியவில்லை. அதிலிருந்து ஒரு விரல் தள்ளி முறிந்திருந்தது. முகம் கற்கண்டை உடைத்தால் மினுங்குகிற மாதிரி துகள் துகளாக மினுங்கியது. இழுத்து நசுங்கிய அடையாளம், நார் நாராகக் கிழிந்த அடையாளம் எதுவும் இல்லை. இதுதான் நொறுங்கு முறிவின் முகம். நல்ல டஃப்னஸ் உள்ள எஃகு, அதாவது அடி தாங்குகிற எஃகு, முறியும் முன் கொஞ்சம் வளைந்து, நசுங்கி, நமக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் முறியும். நொறுங்குகிற எஃகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இப்போது பாடத்துக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோமே தவிர, அது ஒரே சாதி இரும்பு இல்லை. நம் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளி ஆஸ்டெனிட்டிக் வகை. 304 என்கிற கிரேடில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் சுமாராக இருக்கும். காந்தம் ஒட்டாது. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஒரு ரூபாய் நாணயம் ஃபெரிட்டிக் வகை. 1992-ல் சின்ன அளவில் வந்த ஒரு ரூபாயிலிருந்து இந்த எஃகுதான். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். நம் சேலம் உருக்காலை நாணயத் தகடு செய்து நாணயச் சாலைகளுக்குக் கொடுத்திருக்கிறது. மூன்றாவது வகை மார்ட்டன்சிட்டிக். கத்தி, பம்ப் ஷாப்ட், வால்வு ஸ்பிண்டில், டர்பைன் பிளேடு எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். காந்தம் ஒட்டும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்காக உருக்கிப் பார்த்து, பிறகு சாப்பாட்டுக் கத்திக்குக் கொண்டுவந்த எஃகும் இதே வகையைச் சேர்ந்தது. அவருக்கு முதலில் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்!' எஃகில் குறை இல்லை. அதற்கு எந்தச் சூடு கொடுக்க வேண்டும் என்று கத்தி செய்தவர்களுக்கு ஆரம்பத்தில் பிடிபடவில்லை. நூறு வருஷம் கழித்தும் நம் கடற்கரையில் அதே தகராறுதான்.

மாமாவின் துண்டில் காந்தம் பளிச்சென்று ஒட்டியது. ஆக 304, 316 இல்லை. (குளிர் நிலையில் இழுத்த 304-லும் காந்தம் லேசாகப் பிடிக்கும். காந்தத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.) மதுரையில் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் கொடுத்தோம். குரோமியம் 12 சதவீதத்துக்கு மேல், கார்பன் 0.14, நிக்கல் பெயருக்கு. 410 கிரேடு என்று முடிவாயிற்று.

இந்த 410-ன் குணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விடை வந்துவிடும். சாதாரண கார்பன் எஃகைக் கடினமாக்க, சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்க வேண்டும். 410-க்கு அது தேவையே இல்லை. 980 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டுவிட்டு, சும்மா காற்றில் வைத்தாலே கடினமாகிவிடும். உள்ளே இருக்கிற குரோமியம் கார்பனை அவசரமாக வெளியேற விடாது. வெளியேற முடியாத கார்பன் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு படிகத்தை ஒரு பக்கம் இழுத்து வைக்கும். அந்த இழுபட்ட அமைப்புக்குத்தான் ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் பெயரால் மார்ட்டன்சைட் என்று பெயர். கூட்டமான பஸ்ஸில் நிற்கிற மாதிரி அணுக்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நகர இடம் இல்லை. நகர முடியாததால் கடினம், அதனாலேயே நொறுங்கும். குவென்ச் செய்த 410 ராக்வெல் சி அளவில் 40-ஐ ஒட்டி நிற்கும்.

மாமா ஷாப்ட் வெல்டிங் வைத்தபோது, உருகிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு 1000 டிகிரியைத் தொட்டிருக்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பே அந்தச் சூட்டை உறிஞ்சி, குவென்ச் செய்த வேலையைச் செய்துவிட்டது. போதாததற்கு டார்ச், வாளித் தண்ணீர். ஆக, டெம்பர் செய்யாத பச்சை மார்ட்டன்சைட் வளையம் ஒன்று ஷாப்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றும் உண்டு. ஈரம் குடித்த எலக்ட்ரோடிலிருந்து ஹைட்ரஜன் இந்தக் கடினமான பகுதிக்குள் போகும். அது உடனே தன் வேலையைக் காட்டாது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நேரம் எடுத்து நூல் போல ஒரு வெடிப்பை உண்டாக்கும். லேத்தில் கடையும்போது கண்ணாடி போலத்தான் தெரியும். மூன்றாவது தடவை வலை இழுக்கும்போதுதான் தெரியும்.

சரி, இதைச் சரிசெய்ய வழி என்ன? டெம்பரிங் என்று எல்லாருக்கும் தெரியும். மறுபடி மிதமாகச் சூடு பண்ணி மாட்டிக்கொண்ட கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது. ஆனால் எத்தனை டிகிரி? இங்கேதான் எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைத் தாத்தா வருகிறார்.

கமுதிப் பக்கம் சீமைக் கருவேலங் கரிக்குப் பஞ்சமே இல்லை. கரிமூட்டம் போட்டு லாரி லாரியாக வெளியூர் போகிறது. தாத்தா பட்டறையிலும் அதே கரிதான். லாரிப் பட்டைத் துண்டில் அவர் அடிக்கிற அருவாளுக்கு இன்றும் ஆள் வருகிறது. நான் மிச்சமிருந்த ஷாப்டில் ஒரு துண்டை அறுத்துக் கொண்டுபோய், "தாத்தா, இதுல ஒரு கத்தி அடிச்சுத் தாங்க. பதம் எப்படி வைக்கிறீங்கன்னு பாக்கணும்" என்றேன்.

தாத்தா அடித்தார். "என்னடா தம்பி இது, சுத்தியலுக்கே அடங்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டேதான் அடித்தார். பிறகு சிவக்கச் சுட்டுத் தோய்ச்சல் போட்டார். முனையைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடி கரி அனலில் காட்டி, நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் மயில்கழுத்து நீலம். "நீலம் வந்தாச்சு. இதுக்கு மேல போனா பதம் செத்துரும்" என்று எடுத்து ஓரமாகச் சாம்பலில் வைத்தார். லாரிப் பட்டை என்றால் இந்தக் கணக்கு அப்பழுக்கில்லாதது. மூன்று தலைமுறை அனுபவம். ஆனால் அந்தக் கத்தி ஒரு தேங்காய் மட்டையை வெட்டியதும் முனையில் பல் பல்லாகப் பெயர்ந்துவிட்டது. தாத்தா முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "இது நம்ம இரும்பு இல்ல" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எப்படி என்று ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அந்த நிறம் இரும்பின் நிறம் இல்லை. மேலே படிகிற ஆக்ஸைடு படலத்தின் தடிமன் காட்டுகிற நிறம். கார்பன் எஃகில் படலம் சீக்கிரம் வளரும். 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம், 300 வாக்கில் நீலம். ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் படலத்தைச் சுலபத்தில் வளர விடாது. அதே வைக்கோல் நிறம் வர 340 டிகிரி வேண்டும். அதே நீலம் வர 540 டிகிரி ஆகிவிடும். தாத்தா 300 என்று நினைத்து நிறுத்திய இடம் உண்மையில் 540. 410 குடும்பத்துக்குப் போகவே கூடாத இடம் என்று ஒரு வெப்ப எல்லை உண்டு. சுமாராக 400 முதல் 565 டிகிரி வரை. தாத்தாவின் கத்தி அதற்குள் உட்கார்ந்துவிட்டு, சாம்பலில் மெதுவாக வேறு ஆறியிருக்கிறது. இதைவிடக் கெட்ட நேரம் ஒரு கத்திக்கு அமையாது.

அந்த எல்லைக்குள் என்ன நடக்கிறது? இரண்டு காரியம். ஒன்று, மிக நுணுக்கமான கார்பைடுகள் படிகின்றன. அதனால் கடினத்தன்மை குறையாமல் நிற்கிறது. 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஹார்ட்னஸ் டெஸ்டர் நம்மை ஏமாற்றும். இந்தக் கார்பைடுகள் பக்கத்திலிருந்த குரோமியத்தையும் இழுத்துக்கொள்வதால் துருவைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. இரண்டாவது, உருக்கும்போதே ஒளிந்திருக்கிற பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆண்டிமனி மாதிரி அழுக்குகள் பழைய துகள்களின் எல்லைக் கோட்டில் வந்து கூடுகின்றன. செங்கல் சுவரில் சிமெண்டுக்குப் பதில் மணலை மட்டும் வைத்துக் கட்டிய மாதிரி. செங்கல் உடையாது, பூச்சு விட்டுப் போகும். கற்கண்டு மாதிரி மினுங்கிய முகம் அதனால்தான் வருகிறது. இதற்கு டெம்பர் எம்பிரிட்டில்மெண்ட் என்று பெயர். மெதுவாக ஆறினால் இந்த அழுக்குகளுக்கு நகர நிறைய நேரம் கிடைக்கும். வேகமாக ஆறினால் கிடைக்காது.

எங்கள் துறைத் தலைவரிடம் கேட்டு, மஃபில் ஃபர்னஸும் சார்பி மெஷினும் இரண்டு சனிக்கிழமை எங்களுக்குக் கிடைத்தன. ஷாப்டின் பழுதில்லாத பகுதியிலிருந்து 10 மில்லிமீட்டர் சதுரம், 55 நீளம் என்று ஐந்து துண்டு. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழ 'வி' வெட்டு. (வெட்டைக் கடினமாக்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டோம். முறைப்படி அப்புறம்தான் போட வேண்டும். கடினமான துண்டில் வெட்டுப் போடும் வசதி நம்மிடம் இல்லை.) ஐந்தையும் 1000 டிகிரியில் அரை மணி வைத்து எண்ணெயில் போட்டோம். ஒன்றை அப்படியே விட்டோம். ஒன்றை 250-ல் இரண்டு மணி நேரம். ஒன்றை 500-ல் இரண்டு மணி நேரம் வைத்து ஃபர்னஸோடு ஆறவிட்டோம். ஒன்றை 650-ல் இரண்டு மணி நேரம் வைத்துக் காற்றில் எடுத்தோம். ஐந்தாவது துண்டை 500-ல் வேண்டுமென்றே கெடுத்து, பிறகு 650-ல் வைத்து எண்ணெயில் வேகமாக ஆற்றினோம்.

ஜூல் கணக்கை இங்கே எழுதவில்லை. நம் சார்பி மெஷினைக் கடைசியாக எப்போது காலிபரேட் செய்தார்கள் என்று லேப் உதவியாளருக்கே தெரியவில்லை. ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் சந்தேகமே இல்லை. அப்படியே விட்ட துண்டும் 500 துண்டும் ஊசல் பட்டதும் சுண்ணாம்புக்கட்டி மாதிரி போயின. அதிலும் 500 துண்டுதான் கடைசி. 250 துண்டு பரவாயில்லை, கடினமும் பெரிதாகக் குறையவில்லை. கத்திக்கு இதுவே சரியான இடம். 650 துண்டு முழுசாக முறியவே இல்லை. வளைந்து, காது மாதிரி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஹார்ட்னஸ் 20-களுக்கு இறங்கிவிட்டது. ஷாப்டுக்கு அது போதும். எனக்குச் சந்தோஷம் கொடுத்தது ஐந்தாவது துண்டுதான். கெட்டுப் போனது அதே துண்டு, திரும்பி வந்ததும் அதே துண்டு. 600-க்கு மேல் சூடாக்கினால் எல்லைக் கோட்டில் கூடிய அழுக்கு கலைந்துபோகிறது. வேகமாக ஆற்றினால் மறுபடி கூட நேரமில்லை. கற்கண்டு முகம் மறைந்து நார் முகம் வந்தது.

ஆகவே 410 ஷாப்டில் வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால் முறை இதுதான். முதலில் 200 முதல் 300 டிகிரிக்கு முன்சூடு. ஹாட்பாக்ஸில் காய்ந்த, ஹைட்ரஜன் குறைவான எலக்ட்ரோடு. வெல்டிங் முடிந்ததும் மெதுவாக ஆறவிட வேண்டும். ஆனால் முழுக் குளிர்ச்சிக்கு விடக் கூடாது. 150 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் எடுத்து 650 முதல் 750-க்குள் பின்சூடு கொடுக்க வேண்டும். 'வெல்டிங் சூட்டோடேயே ஃபர்னஸில் வைத்தால் கரி மிச்சமாகுமே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்தால் உள்ளே ஆஸ்டெனைட் இன்னும் மார்ட்டன்சைட்டாக மாறாமலே இருக்கும். பின்சூடு முடிந்து ஆறும்போதுதான் அது மாறும். அப்போது கையில் இருப்பது மறுபடி டெம்பர் செய்யாத பச்சை மார்ட்டன்சைட். இந்த இடத்தில் கோட்டைவிட்டால் செய்த செலவெல்லாம் வீண். பட்டறையில் ஃபர்னஸ் இல்லையென்றால் இவ்வளவு டிகிரியில் உருகும் என்று குறித்த டெம்பரேச்சர் சாக்பீஸ் கிடைக்கிறது. அதைத் தேய்த்துப் பார்த்தே சூட்டைப் பிடிக்கலாம். நிறத்தை நம்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இதைப் படித்துவிட்டு எல்லா ஸ்டெயின்லெஸ்ஸையும் 650-ல் வைத்துவிடாதீர்கள்! ஒரு வகைக்கு மருந்து, இன்னொரு வகைக்கு விஷம். ஃபெரிட்டிக் வகையில் மார்ட்டன்சைட்டே கிடையாது. அதன் வியாதி வேறு. 475 டிகிரியை ஒட்டி ரொம்ப நேரம் வைத்தால் குரோமியம் தனியே, இரும்பு தனியே என்று உள்ளுக்குள்ளேயே குடித்தனம் பிரித்துக்கொள்ளும். குரோமியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் இது கடுமை. '475 டிகிரி நொறுங்கல்' என்றே பெயர். குடும்பத்தைத் திரும்பச் சேர்க்க 600 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் வைத்து வேகமாக ஆற்ற வேண்டும். அதே ஃபெரிட்டிக்கை வெல்டிங்கில் அதிகமாகச் சுட்டுத் துகள்கள் பெருத்துவிட்டால் எந்த வெப்பப் பதனத்தாலும் திருத்த முடியாது. உருமாற்றம் நடந்தால்தானே புதுத் துகள் பிறக்கும்?

304, 316 கதை தலைகீழ். இவற்றைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும். கொல்லுப்பட்டறைத் தாத்தா நம்பவே மாட்டார். 1040 முதல் 1100 டிகிரிக்குச் சுட்டு வேகமாக ஆற்றுவதுதான் இவற்றுக்கு முழு வைத்தியம். சொல்யூஷன் அனீலிங் என்கிறோம். 450 முதல் 850 வரை உள்ள எல்லையில் தங்க விட்டால் கார்பன் குரோமியத்தைக் கூட்டிக்கொண்டு துகள் எல்லையில் போய்க் குடியேறும். எல்லையில் குரோமியம் வறண்டுவிடும். உப்புக் காற்று அந்த வழியாக உள்ளே நுழைந்து துகளைத் துகளிலிருந்து பிரிக்கும். சென்சிடைசேஷன் என்று பரீட்சையில் கேட்பது இதுதான். கார்பனை 0.03-க்குக் கீழ் குறைத்த 'எல்' கிரேடுகள் இதற்காகத்தான் வந்தன. குரோமியம் அதிகமான கிரேடுகளில் 600 முதல் 900 வரை சிக்மா என்று இன்னொரு கட்டம் வளரும். கல் மாதிரி கடினம், அடித்தால் தெறிக்கும்.

இதெல்லாம் நம் ஊர் விஷயமா என்று கேட்பீர்கள். கல்பாக்கம் போய்ப் பாருங்கள். அங்கே 500 மெகாவாட் அதிவேக ஈனுலையை, திரவ சோடியம் 547 டிகிரியில் வெளியே வரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கலனுக்கும் குழாய்க்கும் எடுத்துக்கொண்ட எஃகு 316 எல்என். கார்பனைக் குறைத்து, குறைந்த பலத்தை நைட்ரஜன் கொடுத்து ஈடுகட்டிய எஃகு. கடற்கரையில் வெல்டிங் நடக்கிறது. சென்சிடைசேஷன் வந்தால் உப்புக் காற்று விடாது என்கிற பயம் அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கிறது. வெல்டிங் உலோகத்தில் இன்னொரு இக்கட்டு. கொஞ்சம் டெல்டா ஃபெரைட் இல்லாவிட்டால் ஆறும்போதே வெடிக்கும். அது அதிகமாகிவிட்டால் வருஷக்கணக்கான சூட்டில் அதே ஃபெரைட் சிக்மாவாக மாறி நொறுங்கும். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் அந்த ஃபெரைட் எண்ணை 3-க்கும் 7-க்கும் இடையே கட்டி வைத்தார்கள். மாமாவின் ஷாப்டும் அணு உலையும் ஒரே அத்தியாயத்தில் வருகிற உதாரணங்கள்தான்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டிருக்கிறார்கள், மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு. 72.5 மீட்டர் தூக்குப்பாலம் நேராக 17 மீட்டர் மேலே போகிறதை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாமல் தூணுக்குள் இருக்கிற அந்தக் கம்பியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமா இப்போது கடன் வாங்கி 316 ஷாப்ட் போட்டிருக்கிறார். அதிலும் தேய்மானம் வரும். அன்றைக்கு யாராவது டார்ச்சைத் தூக்கினால் எனக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். கொல்லுப்பட்டறைத் தாத்தாவுக்கு அதே ஷாப்டில் இன்னொரு கத்தியை நம் ஃபர்னஸில் 250 டிகிரியில் பதம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறமே பெரிதாக மாறாமல் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, "பதமே வைக்கலையேடா" என்றார். மட்டையை வெட்டிப் பார்த்தார். முனை அப்படியே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை டிகிரின்னு சொன்ன?" என்று கேட்டு, பட்டறைச் சுவரில் கரியால் 250 என்று எழுதி வைத்துக்கொண்டார்.

முறிந்த ஷாப்ட் துண்டும் ஐந்து சார்பி துண்டுகளும் நம் உலோகவியல் லேப் அலமாரியில், மேல் தட்டில் இருக்கின்றன. வரிசையை மாற்றிவிடாதீர்கள், நம்பர் பஞ்ச் அடித்திருக்கிறோம். முறிவு முகத்தை விரலால் தொடாமல் பாருங்கள். வேர்வை பட்டால் மினுக்கம் போய்விடும்.